முன்னே போனவர், திரும்பி வந்தவர்

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் ஆடுமாடுகளைப் போல ஏலம் விடப்பட்ட காலம் அது. மேரிலாந்து மாநிலத்தின் அடிமைக் குடிசைகளில் ஒரு பெயர் மெல்லிய குரலில் பேசப்பட்டது. மோசே என்பது அந்தப் பெயர். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரவேல் மக்களைப் பார்வோன் கையிலிருந்து மீட்டு வந்தவர் மோசே என்று பைபிள் சொல்கிறது. மேரிலாந்தின் மோசே ஒரு பெண். ஏறக்குறைய ஐந்தடி உயரம். எழுதப் படிக்கத் தெரியாது. பேசிக்கொண்டிருக்கும்போதே நினைவு தப்பித் தூங்கிவிடும் நோய் வேறு. அவர்தான் ஹாரியட் டப்மன்.

அடிமை முறையும் தீண்டாமையும் ஒன்றல்ல. ஆனால் ஒடுக்கப்பட்ட மக்கள் ஒருவர் வரலாற்றிலிருந்து மற்றவர் தெம்பு பெற்றதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. மகாத்மா ஜோதிராவ் பூலே 1873இல் வெளியிட்ட குலாம்கிரி என்ற நூலை, கறுப்பின மக்களை அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கப் பாடுபட்ட அமெரிக்க நல்லோருக்கே காணிக்கையாக்கினார். அந்த நல்லோர் வரிசையில் அடிமையாகவே பிறந்து, தானும் விடுபட்டு, மற்றவர்களையும் விடுவித்தவர் ஹாரியட். அவருக்கு அந்தத் துணிவைக் கொடுத்தது கிறிஸ்தவ நம்பிக்கை. அந்த நம்பிக்கை அவரிடம் எப்படி வேலை செய்தது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறந்த நாள் தெரியாத பிள்ளை

மேரிலாந்தின் டார்செஸ்டர் மாவட்டத்தில் 1822 வாக்கில் அவர் பிறந்தார். அடிமைகளின் பிறந்த நாளை யாரும் பெரிதாகக் குறித்து வைப்பதில்லை. பெற்றோர் வைத்த பெயர் அராமின்டா ராஸ். மின்டி என்று கூப்பிடுவார்கள். தந்தை பென் ராஸ் மரம் வெட்டும் கூப்பில் வேலை செய்தவர். தாய் ரிட் சமையல் வேலை பார்த்தவர். தாய் யாருக்கு அடிமையோ, பிள்ளைகளும் அவருக்கே அடிமை என்பது அன்றைய சட்டம். ரிட்டும் அவருடைய பிள்ளைகள் ஒன்பது பேரும் எட்வர்ட் ப்ரோடெஸ் என்ற வெள்ளைக்காரருக்குச் சொந்தம். நம் பக்கத்துப் பேச்சில் சொன்னால், அவர்தான் ஆண்டை.

ஆண்டைக்குப் பணமுடை வரும்போதெல்லாம் ஒரு பிள்ளையை விற்பார். மின்டியின் அக்காள்மார் மூன்று பேரைத் தெற்கே விற்றுவிட்டார். அதன்பின் அவர்கள் முகத்தைக் குடும்பம் பார்க்கவே இல்லை. கடைசித் தம்பியை வாங்க ஜார்ஜியாவிலிருந்து வியாபாரி வந்தபோது, ரிட் மகனை ஒரு மாத அளவுக்குக் காட்டிலும் அக்கம்பக்கத்தார் குடிசைகளிலும் ஒளித்து வைத்தார். ஆண்டை வாசலுக்கே வந்து நின்றார். முதலில் உள்ளே வருபவனின் மண்டையைப் பிளந்துவிடுவேன் என்று ரிட் சொன்னார். விற்பனை நின்றுபோனது. அந்தப் பிள்ளையின் பெயரும் மோசேதான். எதிர்த்து நின்றால் சில நேரம் ஆண்டையும் பின்வாங்குவார் என்பதை மின்டி பைபிள் கதைக்கும் முன்பே தாயிடம் கண்டு கற்றார்.

ஐந்தாறு வயதில் மின்டியைக் கூலிக்கு விட்டார்கள். ஒரு வீட்டில் கைக்குழந்தையை இரவெல்லாம் ஆட்டித் தூங்கவைக்க வேண்டும். குழந்தை அழுதால் மின்டிக்குச் சாட்டையடி. அந்தத் தழும்புகள் கடைசிவரை மறையவில்லை. இன்னொரு வீட்டில், தட்டம்மை கண்டிருந்தபோதும் இடுப்பளவு குளிர்ந்த சதுப்புத் தண்ணீரில் இறங்கி நீர் எலிப் பொறிகளைப் பார்த்துவர வேண்டியிருந்தது.

பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும்போது பக்டவுன் என்ற ஊரின் கடையில் அந்தச் சம்பவம் நடந்தது. வேலையை விட்டு ஓடிய ஓர் அடிமையைப் பிடித்துக் கட்ட உதவும்படி கங்காணி மின்டிக்கு உத்தரவிட்டார். மின்டி மறுத்துவிட்டார். ஓடியவர் மேல் கங்காணி வீசிய இரண்டு பவுண்டு எடைக்கல் மின்டியின் தலையில் விழுந்து மண்டை உடைந்தது. மருத்துவம் எதுவும் இல்லை. ஓரிரு நாளில் இரத்தமும் வியர்வையும் கண்ணை மறைக்க மறுபடியும் வயலில் நின்றார். அன்றிலிருந்து வலிப்பும் திடீர்த் தூக்கமும் அவரை விடவே இல்லை. அந்த மயக்கங்களில் காட்சிகள் கண்டதாகவும், கடவுளின் குரல் கேட்டதாகவும் அவர் சொல்லி வந்தார். மருத்துவர்கள் இதை மூளைக் காயத்தின் விளைவு என்பார்கள். அவரோ கடவுள் தன்னோடு நேரில் பேசுகிறார் என்று உறுதியாக நம்பினார்.

ஒரே வேதம், இரண்டு வாசிப்பு

ஆண்டைகளும் கிறிஸ்தவர்கள்தான். ஞாயிறுதோறும் ஆலயம் போனார்கள். அடிமைகளுக்கும் பிரசங்கம் நடத்தினார்கள். வேலைக்காரர்கள் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும், திருடக் கூடாது, பொறுத்துக்கொள்ள வேண்டும், பரலோகத்தில் பலன் உண்டு என்பதே பிரசங்கத்தின் சாரம். ஹாரியட்டின் தந்தை வேலை செய்த பண்ணையின் உரிமையாளர் மருத்துவர். மெதடிஸ்ட் சபையில் பிரசங்கமும் செய்தவர். அடிமைகளையும் வைத்திருந்தார். அந்த இரண்டுக்கும் நடுவே முரண் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

ரிட்டுக்கும் படிக்கத் தெரியாது. கேட்டதை மனதில் வைத்து இரவில் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னார். அவர் தேர்ந்தெடுத்த கதைகள் வேறு. செங்கல் சுமந்த இஸ்ரவேல் மக்களின் கூக்குரலைக் கடவுள் கேட்டார். பார்வோனின் படை கடலில் மூழ்கியது. தானியேல் சிங்கக் குகையிலிருந்து உயிரோடு வந்தார். ஆண்டையின் ஆலயத்தில் அமைதியாக இருக்கச் சொன்ன அதே வேதம், அடிமைக் குடிசையில் புறப்படச் சொன்னது.

நம் ஊர் ஆலயங்களிலும் தனி இருக்கை, தனிக் கல்லறை, தனித் தேர்ப்பாதை என்று சாதி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டு வாசிப்பும் புதிதல்ல. அவர் வாசித்த பக்கம் எது என்பதிலிருந்துதான் அவர் வாழ்க்கை தொடங்குகிறது.

ஏட்டில் இருந்த விடுதலை

1844 வாக்கில் ஜான் டப்மன் என்பவரை மின்டி மணந்தார். ஜான் கறுப்பினத்தவர். ஆனால் அடிமையல்லர். அந்தத் திருமணத்தை ஒட்டித்தான் மின்டி தன் பெயரை ஹாரியட் என்று மாற்றிக்கொண்டார். கணவர் சுதந்திரமானவராக இருந்தாலும் மனைவி அடிமை, பிறக்கும் பிள்ளையும் அடிமை. இதுதான் அந்தக் குடும்பத்தின் நிலை.

அந்தக் காலத்தில் ஹாரியட் ஐந்து டாலர் கொடுத்து ஒரு வழக்கறிஞரிடம் பழைய உயில் ஒன்றைத் தேடச் சொன்னார். தாய் ரிட்டை முதலில் சொந்தமாக வைத்திருந்தவர் எழுதிய உயில் அது. ரிட்டுக்கு 45 வயதானதும் அடிமைத்தனம் முடிய வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அந்த வயது எப்போதோ கடந்துவிட்டது. வாரிசுகள் அதை வெளியே சொல்லவில்லை. பஞ்சமி நிலத்தின் பழைய ஆவணத்தைத் தேடி அலுவலகம் அலுவலகமாக அலைந்த நம் மக்களுக்கு ஹாரியட் அன்று பட்ட மனவேதனை விளங்கும். உரிமை ஏட்டில் இருக்கிறது. ஏடு மற்றவர் பெட்டியில் இருக்கிறது.

1849இல் ஹாரியட் உடல்நலம் குன்றிப் படுத்தார். நோயாளி அடிமையை விற்றுவிட ஆண்டை ஆள் தேடினார். அவர் மனம் திருந்த வேண்டும் என்று ஹாரியட் இரவும் பகலும் ஜெபித்தார். அதையும் மீறி விற்கப் போகிறார்கள் என்று செய்தி வந்ததும், அந்த மனிதரை எடுத்துவிடும் என்று ஜெபத்தை மாற்றினார். அந்த மார்ச் மாதமே எட்வர்ட் ப்ரோடெஸ் இறந்துபோனார். தன் ஜெபத்தை எண்ணி ஹாரியட் மிகவும் வருந்தினார். ஆனால் ஆண்டையின் சாவால் ஆபத்து கூடியதே தவிரக் குறையவில்லை. கடனை அடைக்க விதவை எலிசா அடிமைகளை விற்க முனைந்தார். இனி ஜெபத்தோடு கால்களையும் சேர்க்க வேண்டும் என்று ஹாரியட் முடிவெடுத்தார்.

தனியே கடந்த எல்லை

1849 செப்டம்பரில் தம்பிமார் பென், ஹென்றி இருவரோடும் புறப்பட்டார். பிடித்துத் தருபவருக்கு ஆளுக்கு 100 டாலர் வரை தருவதாக எலிசா விளம்பரம் செய்தார். தம்பிகள் பயந்து திரும்பினார்கள், அக்காவையும் இழுத்துக்கொண்டு. சில நாள் கழித்து ஹாரியட் மட்டும் மறுபடி கிளம்பினார்.

துணைக்கு வடமீன் இருந்தது. கூப்பில் தந்தையோடு வேலை செய்தபோது காடு, ஆறு, சதுப்பு நிலம் எல்லாம் பழகியிருந்தார். ஓடிவரும் அடிமைகளுக்கு மறைந்து உதவுவோர் வழியெங்கும் இருந்தார்கள். சுதந்திரம் பெற்ற கறுப்பினத்தவர், குவேக்கர் சபையைச் சேர்ந்த வெள்ளையர் எனப் பலர் இதில் உண்டு. இந்த ஏற்பாட்டுக்கு நிலத்தடி ரயில்பாதை என்று பெயர். ரயிலும் கிடையாது, தண்டவாளமும் கிடையாது. வீடுகள்தான் நிலையங்கள், வழிகாட்டிகள்தான் நடத்துநர்கள். முதல் வீட்டில் ஹாரியட்டின் கையில் துடைப்பத்தைக் கொடுத்து முற்றத்தைப் பெருக்கச் சொன்னார்கள். வழியில் போகிறவர்கள் வீட்டு வேலைக்காரி என்று நினைத்துக்கொள்வார்கள் அல்லவா? இருட்டிய பிறகு அடுத்த வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஏறக்குறைய 90 மைல் கடந்து, அடிமை முறை இல்லாத பென்சில்வேனியா மாநில எல்லைக்குள் காலை வெயில் ஏறும் நேரத்தில் நுழைந்தார். மரங்கள் மேலும் வயல்கள் மேலும் வெளிச்சம் பொன்போலப் பரவியிருந்ததையும், தான் அதே ஆள்தானா என்று கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டதையும் பின்னாளில் சொன்னார்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சுதந்திர பூமிக்கு வந்தாயிற்று. வா என்று கூப்பிட அங்கே ஒருவரும் இல்லை. தாய், தந்தை, உடன்பிறந்தார் எல்லோரும் மேரிலாந்தில். தான் மட்டும் பெற்ற விடுதலை அரைகுறை விடுதலை என்று அவருக்குப் பட்டது. இங்கே ஒரு வீட்டை உண்டாக்கி, போய் அவர்களை அழைத்து வருவேன் என்று கடவுள் முன்னிலையில் உறுதி எடுத்தார். பல்லாயிரம் பேர் தப்பி வந்த காலத்தில் ஹாரியட்டின் பெயர் தனித்து நிற்பதற்குக் காரணம் அந்த உறுதிதான். தப்பியவர்கள் பலர். திரும்பத் திரும்பப் போனவர்கள் மிகச் சிலர்.

திரும்பிய பாதை

பிலடெல்பியாவில் சமையலும் வீட்டு வேலையும் செய்து காசு சேர்த்தார். 1850இல் அமெரிக்கா கொண்டுவந்த தப்பியோடும் அடிமைகள் சட்டம் நிலைமையை மோசமாக்கியது. வட மாநிலங்களில் இருப்போரையும் பிடித்து ஆண்டையிடம் ஒப்படைக்கலாம் என்றது அந்தச் சட்டம். அதன்பின் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கனடா வரை போனால்தான் பாதுகாப்பு. ஹாரியட் தன் பாதையை நீட்டிக்கொண்டார்.

அதே 1850 டிசம்பரில் சகோதரி மகள் கெசையாவும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் கேம்பிரிட்ஜ் நகர நீதிமன்ற வாசலில் ஏலத்துக்கு நிறுத்தப்பட்டார்கள். கெசையாவின் கணவர் ஜான் பவ்லி அடிமையல்லாத கறுப்பினத்தவர். கூட்டத்தில் நின்று அவரே ஏலம் கேட்டு எடுத்தார். பணம் கட்டும் நேரம் வருவதற்குள் மனைவியும் பிள்ளைகளும் மறைக்கப்பட்டுவிட்டார்கள். இரவில் படகில் ஏற்றி பால்டிமோர் கொண்டுசென்றார். அங்கே ஹாரியட் காத்திருந்தார். அவர் மீட்ட முதல் குடும்பம் அது.

அடுத்த ஆண்டு கணவரை அழைத்துவரப் போனார். ஜான் டப்மன் வேறொரு பெண்ணோடு வாழ்ந்துகொண்டிருந்தார். வர மறுத்தார். ஹாரியட் மனம் நொந்தார். ஆனால் வெறுங்கையோடு திரும்பவில்லை. விடுதலை வேண்டிக் காத்திருந்த வேறு சிலரை அழைத்துக்கொண்டு வடக்கே வந்தார். குடும்பத்துக்காகத் தொடங்கிய வேலை அந்தப் பயணத்தில் ஊருக்கான வேலையாக மாறியது.

1860 வரை ஏறத்தாழ 13 பயணங்கள், ஏறத்தாழ 70 பேர். வழி சொல்லிக்கொடுத்து அனுப்பியவர்கள் இதற்கு மேல். முந்நூறு பேர் என்றும், அவர் தலைக்கு 40,000 டாலர் விலை என்றும் சொல்வது பிற்காலத்தில் பெருக்கிச் சொன்னது. பெருக்கத் தேவையே இல்லை. பிடிபட்டால் மரணமோ மீண்டும் அடிமைத்தனமோ என்ற நிலையில், தப்பி வந்த இடத்துக்கே பத்துத் தடவைக்கு மேல் திரும்பிப் போவது சாதாரணமா?

நம்பிக்கை என்றால் கண்ணை மூடிக்கொண்டு நடப்பது என்று ஹாரியட் நினைக்கவில்லை. திட்டம் போட்டார். பெரும்பாலும் இரவு நீண்டிருக்கும் குளிர் காலத்தில் போவார். சனிக்கிழமை இரவு கிளம்புவார். ஆண்டைகள் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கத் திங்கள் ஆகும் என்பதால் ஒரு நாள் மிச்சம். அடிமைக் குடிசைக்கு நேரே போகாமல் தள்ளி ஓரிடத்தில் கூடச் சொல்வார். காட்டில் ஒளிந்திருப்போருக்குக் கிறிஸ்தவப் பாட்டுகளே அடையாளம். எந்தப் பாட்டு, எந்த வேகம் என்பதை வைத்து, வரலாமா ஒளிந்திருக்க வேண்டுமா என்று தெரிந்துகொள்வார்கள். குழந்தைகள் அழாமலிருக்க அபின் கலந்த மருந்து கொடுத்துத் தூங்கவைத்தார். இடுப்பில் கைத்துப்பாக்கி இருந்தது. நடுவழியில் பயந்து திரும்ப நினைப்பவரிடம் அதைக் காட்டி, நட அல்லது இங்கேயே சாவு என்பார். ஒருவர் திரும்பிப் போய் அடி தாங்காமல் வாய் திறந்தால் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். கூட வந்த ஒருவரைக்கூட வழியில் பறிகொடுக்கவில்லை என்பது அவருக்கு வாழ்நாள் பெருமை.

பிலடெல்பியாவில் வில்லியம் ஸ்டில் என்ற கறுப்பினத் தலைவர், வந்து சேர்ந்தவர்களின் கதைகளைப் பதிவேட்டில் எழுதி ஒளித்து வைத்தார். அதனால்தான் பலருடைய வரலாறு நமக்குக் கிடைத்திருக்கிறது. டெலவேர் மாநிலம் வில்மிங்டனில் தாமஸ் காரெட் என்ற குவேக்கர் வியாபாரி உதவினார். 1856இல் பாலத்தில் காவல் இருந்தபோது, கொத்தனார்களை வண்டிகளில் பாடிக்கொண்டே பாலத்தைக் கடக்கச் செய்தார் காரெட். இரவில் அவர்கள் அதேபோல் பாடிக்கொண்டு திரும்பினார்கள். வண்டியின் அடியில் ஹாரியட்டும் அவருடைய ஆட்களும் படுத்திருந்தார்கள். கடவுளின் குரலை இந்தப் பெண்ணைப் போல உறுதியாக நம்பிய இன்னொருவரைத் தான் எந்த நிறத்திலும் பார்த்ததில்லை என்று காரெட் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தப் பயணத்தில் வந்தவர் ஜோ பெய்லி. பலசாலி. அவரைப் பிடித்துக் கொடுத்தால் 1,500 டாலர் என்று விளம்பரம் இருந்தது. அதைக் கேட்டதும் ஜோ நொடிந்துபோனார். வழியெல்லாம் பேச்சே இல்லை. ரயிலில் நயாகரா பாலத்தைக் கடக்கும்போது மற்றவர்கள் அருவியைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். தலையைக் கைகளில் புதைத்தபடியே உட்கார்ந்திருந்தார். பாலத்தின் பாதி தாண்டி, கனடாவுக்குள் வந்துவிட்டோம் என்று ஹாரியட் தோளை உலுக்கிச் சொன்னபோதுதான் நிமிர்ந்தார். கண்ணீரோடு கடவுளைத் துதித்துப் பாட ஆரம்பித்தவரை நிறுத்த முடியவில்லை.

ஒரு கிறிஸ்துமஸ் இரவு

1854 கிறிஸ்துமஸ் முடிந்ததும் சகோதரர்கள் மூன்று பேரையும் விற்க ஏற்பாடாகியிருந்தது. ஹாரியட்டுக்குத் தகவல் வந்தது. ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த ஜேக்கப் ஜாக்சன் என்ற கறுப்பினத்தவருக்கு ஆள் வைத்துக் கடிதம் எழுதச் சொன்னார். ஜெபத்தில் விழித்திருக்கும்படியும், சீயோனின் கப்பல் வரும்போது ஏறத் தயாராக இருக்கும்படியும் சகோதரர்களுக்குச் சொல்லும் கடிதம். தபாலை முதலில் பிரித்துப் படித்த வெள்ளை அதிகாரிகளுக்கு அது வெறும் பக்திக் கடிதமாகத் தெரிந்தது. ஜாக்சனும் எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று கையை விரித்தார். அன்றே சகோதரர்களுக்குச் செய்தி போய்விட்டது.

கிறிஸ்துமஸ் அன்று பெற்றோர் வீட்டருகே சோளக் களஞ்சியத்தில் எல்லோரும் ஒளிந்திருந்தார்கள். மகன்கள் விருந்துக்கு வருவார்கள் என்று தாய் சமைத்து வைத்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் மகிழ்ச்சியிலும் அழுகையிலும் சத்தம் போட்டுவிடுவார். பலகை இடுக்கு வழியாகப் பிள்ளைகள் தாயின் முகத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டார்கள். தந்தை பென் மட்டும் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார். பொய் சொல்ல மாட்டார் என்று பெயர் எடுத்தவர் அவர். நாளைக்கு விசாரித்தால் மகன்களைப் பார்க்கவில்லை என்று உண்மையாகவே சொல்ல வேண்டும் என்பதற்காகக் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு வந்தார். புறப்படும்போதும் கண்கட்டோடே கொஞ்ச தூரம் கூட நடந்தார். காலடிச் சத்தம் ஓயும்வரை அங்கேயே நின்றார்.

மூன்று சகோதரர்களும் கனடாவின் செயின்ட் கேத்தரீன்ஸ் நகரம் சேர்ந்தார்கள். தப்பியோடியவர்களுக்கு உதவியதாகத் தந்தை மேல் சந்தேகம் முற்றியபோது, 1857இல் ஹாரியட் வயதான பெற்றோரையும் ஒரு குதிரையும் பழைய சக்கரங்களும் கொண்டு கட்டிய வண்டியில் ஏற்றி மீட்டு வந்தார்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. சகோதரி ரேச்சலையும் அவர் பிள்ளைகளையும் மீட்கப் பலமுறை முயன்றார். 1860இல் போனபோது ரேச்சல் இறந்துவிட்டார் என்ற செய்தி காத்திருந்தது. பிள்ளைகளை மீட்க லஞ்சம் கொடுக்க 30 டாலர் தேவைப்பட்டது. கையில் இல்லை. அந்தப் பயணத்திலும் வேறொரு குடும்பத்தைப் பனியில் நடத்தி அழைத்து வந்தார். ஜெபித்தது எல்லாம் நடந்துவிடவில்லை. நடக்காதபோதும் அவர் நின்றுவிடவில்லை.

போர்க்களத்தில்

உள்நாட்டுப் போர் தொடங்கியதும் 1862இல் வடக்குப் படைக்காகத் தென் கரோலினா போனார். சமையல் செய்தார், வேர்கள் மூலிகைகள் கொண்டு வயிற்றுப்போக்குக்கு மருத்துவம் பார்த்தார், ஒற்றர்களை நடத்தினார். 1863 ஜூன் 2 அதிகாலை கர்னல் மான்ட்கோமரியின் கறுப்பினப் படையோடு காம்பஹீ ஆற்றில் போர்ப்படகுகளில் போனார். எதிரிகள் ஆற்றில் வெடி புதைத்த இடங்களை அவருடைய ஒற்றர்கள் முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். பண்ணைகளிலிருந்து மக்கள் குழந்தையைத் தோளிலும் சோற்றுப் பானையைத் தலையிலும் வைத்துக்கொண்டு கரைக்கு ஓடிவந்தார்கள். ஒரே இரவில் 700க்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றார்கள்.

நாடு அவருக்குத் திருப்பிக் கொடுத்தது குறைவு. மூன்றாண்டு சேவையில் கைக்கு வந்தது 200 டாலர் அளவுக்குத்தான். அதிலும் ஒரு பங்கைக் கொண்டு, விடுதலையான பெண்கள் துணி வெளுத்துச் சம்பாதிக்க ஒரு கொட்டகை கட்டிக் கொடுத்தார். போர் முடிந்து ஊர் திரும்பும்போது ரயிலில் அவரை வேறு பெட்டிக்குப் போகச் சொன்னார்கள். படைக்குச் சேவை செய்த சீட்டைக் காட்டியும் விடவில்லை. இழுத்துத் தள்ளியதில் கை உடைந்தது. அடிமை முறை சட்டத்தில் ஒழிந்த அதே 1865ஆம் ஆண்டில் நடந்தது இது. ஓய்வூதியத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் போராடினார். இரண்டாவது கணவர் நெல்சன் டேவிஸ் படைவீரர் என்பதால் விதவைக்கான 8 டாலர் கிடைத்தது. 1899இல்தான் அது மாதம் 20 டாலர் ஆனது.

கடைசி வீடு

1859இல் நியூயார்க் மாநிலம் ஆபர்ன் நகரின் ஓரத்தில் வில்லியம் சீவர்ட் என்ற அரசியல் தலைவரிடமிருந்து ஹாரியட் தவணையில் ஒரு நிலம் வாங்கியிருந்தார். பெற்றோர் அங்கேதான் வாழ்ந்தார்கள். அந்த வீட்டுக் கதவு யாருக்கும் அடைக்கப்படவில்லை. வயதானவர், அநாதைகள், கண் தெரியாதவர் என்று யாராவது இருந்துகொண்டே இருப்பார்கள். தோட்டத்தில் காய்கறி, தொழுவத்தில் பன்றி, போதாததற்கு நண்பர்களின் உதவி. பெண்களின் வாக்குரிமைக்காகவும் மேடையேறிப் பேசினார்.

1896இல் பக்கத்து 25 ஏக்கர் ஏலத்துக்கு வந்தது. கையில் காசு இல்லாமலே ஏலம் எடுத்துவிட்டு, பிறகு கடன் வாங்கிக் கட்டினார். ஏழைக் கறுப்பின முதியோருக்கு ஓர் இல்லம் அங்கே எழ வேண்டும் என்பது ஆசை. 1903இல் அந்த இடத்தைச் சீயோன் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் சபைக்கு எழுதிக் கொடுத்தார். வெள்ளையர் ஆலயத்தில் பாகுபாடு தாங்காமல் வெளியேறிய கறுப்பின மக்கள் நியூயார்க்கில் தொடங்கிய சபை அது. 1908இல் இல்லம் திறந்தது. சேருவதற்கு 100 டாலர் கட்ட வேண்டும் என்று நிர்வாகம் விதித்தபோது ஹாரியட் கோபப்பட்டார். கையில் ஒன்றுமே இல்லாதவருக்குத்தான் இங்கே இடம் என்பது அவர் வாதம். தான் சார்ந்த சபையாக இருந்தாலும் தவறைத் தவறு என்றார். 1911இல் கையில் ஒன்றுமில்லாத நிலையில் அவரும் அதே இல்லத்துக்கு வந்தார்.

1913 மார்ச் 10ஆம் தேதி நிமோனியாவில் இறந்தார். ஆபர்ன் நகரில் இராணுவ மரியாதையோடு அடக்கம் நடந்தது. சாகும் முன் படுக்கையைச் சுற்றி நின்றவர்களோடு பாடினார். நான் முன்னே போய் உங்களுக்கு இடம் ஆயத்தம் செய்யப் போகிறேன் என்ற பொருளில் கடைசியாகப் பேசினார் என்கிறார்கள் உடனிருந்தவர்கள். சீடர்களிடம் இயேசு சொன்னதாக யோவான் சுவிசேஷத்தில் வரும் செய்தி அது. முன்னே போகிறேன், இடம் ஆயத்தம் செய்கிறேன், மறுபடியும் வந்து உங்களை அழைத்துக்கொள்வேன் என்பது அதன் கருத்து. எழுதப் படிக்கத் தெரியாத ஹாரியட் அதைப் பத்தாண்டுகள் காலால் நடந்து காட்டியிருந்தார். முன்னே போனார். வா என்று கூப்பிட ஆளில்லாத ஊரில் வீடு உண்டாக்கினார். திரும்பி வந்து அழைத்துப் போனார்.

அவர் வந்து சேராத குடிசைகளிலும் மோசே வருவார் என்ற பேச்சு இருந்தது. அந்தப் பேச்சே பலரை நடக்க வைத்தது. நம்பிக்கையின் அடையாளம் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் இதுதான் அளவு.

படித்து மேலே போனவர்கள் தம் மக்களைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று அண்ணல் அம்பேத்கர் 1956இல் ஆக்ராவில் வருந்திப் பேசினார். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. சேரியிலிருந்து கல்லூரி விடுதிக்கு முதலில் போன ஒரு மாணவி, அடுத்த ஆண்டு தன் தெருவின் மூன்று பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க வரலாம். வேலையில் சேர்ந்த ஓர் இளைஞர், சாதிச் சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் அலையும் குடும்பத்தோடு ஒரு நாள் அலுவலக வாசலில் நிற்கலாம். இதற்குத் துப்பாக்கியும் வேண்டாம், வடமீனும் வேண்டாம். ஊருக்குத் திரும்பி வரும் பேருந்துச் சீட்டு போதும்.